வாசிகசாலைக்கு ஆள் எண்ணும் சென்சர் பூட்டிய அனுபவம்

திருகோணமலை நகருக்குள் இருக்கும் எங்கள் சனசமூக நிலையத்தின் வாசிகசாலை நிறைகிறதா, காலியாகக் கிடக்கிறதா என்பதில் நிருவாகசபைக்குள்ளேயே நெடுநாளாக இரண்டு பேச்சு. காலையில் பத்திரிகை பார்க்க வரும் மூத்தவர்கள், "பாதிக் கதிரை சும்மா கிடக்குது, இதுக்கு ஏன் மேல்மாடி?" என்பார்கள். பின்னேரம் படிக்க வரும் உயர்தரப் பிள்ளைகளின் பெற்றோர், "இருக்க இடமில்லாமல் பிள்ளை திரும்பி வருது" என்பார்கள். இரண்டு பக்கமும் கண்டதைத்தான் சொல்கிறார்கள், ஆனால் ஒருவர் வரும் நேரத்தில் மற்றவர் வருவதில்லை. மேல்மாடி கட்டக் காசு தர வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் தயாராக இருந்தார்கள், எந்த நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று மட்டும் கணக்குக் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. வருகைப் பதிவேட்டில் அதற்குப் பதில் இல்லை, ஏனென்றால் பலர் கையெழுத்து வைப்பதில்லை, வைக்கிறவர்களும் போகும் நேரத்தை எழுதுவதில்லை.

சரி, சென்சர் பூட்டிப் பார்ப்போம் என்று இறங்கினேன். இணையத்தில் இதைப்பற்றி நிறையக் குறிப்புகள் கிடைக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள அலுவலகங்களுக்கு எழுதியவை. எங்கள் மண்டபத்தில் யன்னல் எல்லாம் திறந்திருக்கும், ஃபேன் ஓடும், வாசலில் செருப்புக் கழற்றுவார்கள், கச்சான் காற்று அடித்தால் கதவுத் திரை பறக்கும், கடல் உப்பு எல்லாவற்றிலும் ஏறும். இப்படியான இடத்தில் பூட்டப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், அதற்கு அப்புறம்தான் சென்சர். "இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள்" என்பது ஒரு கேள்வி. "ஐந்தரை மணிக்கு உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்" என்பது வேறு கேள்வி. ஒரே பிள்ளை தண்ணீர் குடிக்க, போன் பேச, கொப்பி மாற்ற என்று நாலு தரம் வெளியே போய் வந்தால் முதல் கணக்கில் நாலைந்து ஆளாகிவிடும், இரண்டாவது கணக்கில் ஒரு ஆள்தான். கதிரை போதுமா, இன்னொரு அறை திறக்க வேண்டுமா என்பதற்கெல்லாம் இரண்டாவது கணக்குத்தான் வேண்டும். அதைக் கண்டுபிடிக்க, உள்ளே வந்தவர்களில் இருந்து வெளியே போனவர்களைக் கழிக்க வேண்டும். கழித்தல் என்று வந்துவிட்டால் சின்னப் பிழைகூட அப்படியே தங்கி நின்று அடுத்த மணித்தியாலக் கணக்கிலும் ஏறும். மற்ற எல்லாப் பிரச்சினைகளையும்விட இதுதான் பெரியது, பின்னால் சொல்கிறேன்.

கமரா வைக்கலாமே, இப்போது ஆளை எண்ணும் மென்பொருள்கூட இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் சொன்னார். நான் அதை முதல் நாளே விலக்கிவிட்டேன். எங்கள் ஊரில் யார் எங்கே போகிறார், யாரோடு இருக்கிறார் என்று மற்றவர் பார்த்துக் குறித்துக்கொண்ட காலத்தை மறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படிக்க வரும் பெண்பிள்ளைகளின் முகத்துக்கு நேரே ஒரு கமராவை வைத்துவிட்டு இது எண்ணுவதற்கு மட்டும்தான் என்று சொன்னால் ஏன் நம்ப வேண்டும்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஒருவரை அடையாளம் காட்டும் தரவைச் சேர்ப்பவருக்கு அதில் பொறுப்புகள் உண்டு. அந்தத் தரவையே சேர்க்காமல் விட்டால் காக்க வேண்டியதும் இல்லை. சென்சரைப் பூட்டும்போது பத்திரிகை படிக்க வந்த அம்மா ஒருவர் கேட்டார், "இதில படம் பிடிக்குமோ தம்பி?" இல்லை அம்மா, தலைக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம் என்று மட்டும் அளக்கும், ஆள் ஆர் என்று இதுக்குத் தெரியாது என்று சொல்லி, போன் திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்களைக் காட்டினேன். கையை நீட்டி எண் மாறுவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். எல்லோருக்கும் இப்படிக் காட்டுங்கள். வாசலில் ஒரு தாளும் ஒட்டினோம்: இது ஆள் எண்ணும் கருவி, படமோ குரலோ பதியாது, கேள்வி இருந்தால் செயலாளரிடம் கேளுங்கள் என்று.

என்ன சென்சர் என்பதற்கு வருவோம். எல்லோர் கையிலும் முதலில் வருவது பிஐஆர், அதாவது தானாக லைற் போடும் அந்த வெள்ளைக் குமிழ். அது உடல் வெப்பம் ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு நகர்வதைத்தான் பிடிக்கும். அசையாமல் வாசிக்கும் ஆள் அதற்கு இல்லாத ஆள். எண்ணவும் தெரியாது. அடுத்தது வெப்பத்தைப் புள்ளிகளாகக் காட்டும் சென்சர்கள், ஏஎம்ஜி8833 என்பது எட்டுக்கு எட்டாக 64 புள்ளி தரும். குளிரான அறையில் மனிதர் தெளிவாகத் தெரிவார்கள். இங்கே மே மாதத்தில் இருந்து கச்சான் அடிக்கும் காலத்தில் மத்தியானம் அறையின் சூடு முப்பத்தைந்தை நெருங்கும், மனிதத் தோலின் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், சுவருக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாது. கார்பனீரொட்சைட்டை அளந்து ஆட்களைக் கணிக்கும் வழியும் உண்டு. வெளிக்காற்றில் ஏறத்தாழ 420 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் 420 பங்கு, இருக்கும், மூடிய அறையில் ஆட்கள் கூடக் கூட அது ஏறும். யன்னல் திறந்து ஃபேன் ஓடும் மண்டபத்தில் அது அவ்வளவாக ஏறாது. ஏசி போட்டு மூடிய ரியூசன் வகுப்பறை என்றால் யோசிக்கலாம், அங்கேகூட அது தாமதமாகத்தான் சொல்லும். போன்களின் வைஃபை சமிக்ஞையை எண்ணும் முறையும் இப்போது உதவாது, போன்கள் தங்களை அடையாளம் காட்டும் வைஃபை முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுகின்றன, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளில் பலர் போனைக் கொண்டு வருவதும் இல்லை.

கடைசியில் இரண்டைச் சேர்த்துப் பூட்டினேன். வாசலுக்கு மேலே லேசர் தூரமானி ஒன்று, வீஎல்53எல்1எக்ஸ். மண்டபத்துக்குள்ளே 24 கிகாஹேர்ட்ஸ் ரேடார், எல்டி2410. இரண்டையும் ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகைகளில் இணைத்து, நிலையத்தில் சும்மா கிடந்த பழைய மடிக்கணினியில் சென்சர் தரவுகளைச் சேர்த்துக் காட்டும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளைப் போட்டு அதற்கு அனுப்பினேன். ரேடாருக்கு, இந்தப் பலகைகளுக்கு நிரல் ஏற்றும் ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருளிலேயே ஆதரவு இருக்கிறது, லேசருக்கு ஆர்வலர்கள் எழுதிப் பொதுவில் வைத்த நிரல்கள் உண்டு. நிரல் எழுதத் தெரியாதவரும் ஓரளவு பொறுமை இருந்தால் செய்யக்கூடிய வேலைதான் அது. கஷ்டமெல்லாம் வாசலில் இருக்கிறது.

வாசலைப்பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த லேசர் சென்சர் நகத்தளவு சில்லுதான். கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீற்றர் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும். கண்ணுக்குக் கேடில்லாத முதலாம் வகுப்பு லேசர், பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தாலும் பயமில்லை. அதன் உள்ளே பதினாறுக்குப் பதினாறாக ஒளி உணரும் புள்ளிகள் இருக்கின்றன, அதில் எந்தப் பகுதியால் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்லலாம். பாதியை வெளிப்பக்கமும் பாதியை உள்பக்கமும் பார்க்க விட்டால் ஒரே சென்சரில் இரண்டு வலயம் கிடைக்கும். ஒருவர் வெளி வலயத்தில் தெரிந்து, அப்புறம் இரண்டிலும் தெரிந்து, அப்புறம் உள் வலயத்தில் மட்டும் தெரிந்து மறைந்தால் உள்ளே வந்துவிட்டார். எதிர் வரிசையில் நடந்தால் வெளியே போய்விட்டார். வெளி வலயத்தில் தெரிந்து, இரண்டிலும் தெரிந்து, மறுபடி வெளி வலயத்தோடேயே மறைந்தால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார், எண்ணக் கூடாது. நாலு நிலையும் ஒழுங்காக நடந்து முடிந்தால் மட்டும் எண்ணுங்கள். ஏதோ ஒன்று தட்டுப்பட்டதும் எண்ணும் நிரல் வேண்டாம்.

இப்போது அகலத்தைப் பாருங்கள். இந்தச் சென்சரின் பார்வை 27 பாகைதான். ஏழடிக்குச் சற்று மேலே, 2.2 மீற்றர் உயரத்தில் பூட்டினால், நிலத்தில் அது விரிந்து தெரியும், ஆனால் மனிதர் நிலத்தில் படுத்தா வருகிறார்கள்? தலை இருக்கும் உயரத்தில் அந்தப் பார்வை ஓரடி அகலம்கூட இல்லை, தோள் உயரத்தில் ஒன்றேகால் அடியளவு. எங்கள் வாசல் நாலடி இரட்டைக் கதவு. ஓரமாக நடந்து வருபவரை அது காணவே காணாது. ஒரு கதவைச் சாத்திக் கொண்டி போட்டோம், வழி இரண்டடியானது, பிரச்சினை தீர்ந்தது. இரண்டடி வழியில் யார் எப்படி வந்தாலும் உடம்பின் ஏதோ ஒரு பகுதி நடுவைக் கடக்கும். இருவர் தோளோடு தோள் சேர்ந்து வரவும் முடியாது, இருவர் ஒன்றாக எண்ணப்படும் பிழையும் அதோடு நீங்கியது. ஆனால் அந்தக் கதவுக்குப் பூட்டு மட்டும் போடாதீர்கள். உள்ளிருந்து ஒரு கையால் இழுத்தால் திறக்கும் கொண்டியாக இருக்க வேண்டும், தீயோ நெரிசலோ வந்தால் அதுதான் வழி.

எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது, காலை வெயில் நேரே உள்ளே விழும். சூரிய ஒளியிலும் அந்த 940 நானோமீற்றர் இருக்கிறது, அதனால் சென்சர் திணறும். இந்தச் சில்லுக்கு நீண்ட தூர முறை, குறுந்தூர முறை என்று உண்டு. நீண்ட தூர முறையில் இருட்டில் நாலு மீற்றர்வரை பார்க்கும், கடும் வெளிச்சத்தில் அது ஒரு மீற்றருக்கும் கீழே இறங்கிவிடும். குறுந்தூர முறையில் எட்டுவது ஏறத்தாழ 1.3 மீற்றர்தான், ஆனால் வெயிலிலும் அது அப்படியே இருக்கும். பலரும் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்து நீண்ட தூர முறையை வைக்கிறார்கள். நிலம் நமக்கு ஏன்? தலையும் தோளும் தெரிந்தால் போதும். குறுந்தூர முறையில் நிலம் தெரியாமல் வரும் அளவைக் காலி என்று எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அளவோடும் அது நம்பக்கூடிய அளவா என்று ஒரு நிலைக்குறியும் வரும், அதைப் பார்க்காமல் தூரத்தை மட்டும் வாசித்தால் வெறும் வாசலில் ஆள் தெரியும்.

குறுந்தூர முறையில் இன்னொரு நன்மை வேகம். ஓர் அளவை 20 மில்லிசெக்கனில் எடுக்கலாம், மற்ற முறைகளில் 33 வேண்டும். மனிதர் சாதாரணமாக நடந்தால் அந்தச் சின்ன வலயத்தைக் கால் செக்கனில் தாண்டிவிடுவார்கள், அதற்குள் இரண்டு வலயத்தையும் மாறி மாறி நாலைந்து தரமாவது பார்த்திருக்க வேண்டும். ஓடும் பிள்ளைகளுக்கு அதிலும் பாதி நேரம்தான்.

தூர எல்லையை 1.2 மீற்றர் என்று வைத்தேன், அதாவது நிலத்தில் இருந்து ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்தது மட்டும் ஆள். நாய், பூனை, ஆடு எல்லாம் விலகிவிடும். எங்கள் நகருக்குள் புள்ளிமான்கள் திரிவது தெரிந்ததுதானே, கொம்புள்ள ஆண்மான் ஒன்று விறாந்தையில் ஏறி எட்டிப் பார்த்தாலும் உள்ளே கடந்து போகாதவரை கணக்கில் ஏறாது. தாயின் கையைப் பிடித்து வரும் சின்னக் குழந்தைகளும் விலகிவிடுவார்கள், கதிரைக் கணக்குக்கு அது பரவாயில்லை. பாலர் பாடசாலைக்குப் பூட்டுகிறவர்கள் இந்த எல்லையைக் கட்டாயம் மாற்ற வேண்டும்.

அப்புறம் செருப்பு. நம் இடங்களில் இதைக் கணக்கில் எடுக்காமல் எந்த வாசல் சென்சரும் சரிவராது. படியில் நின்று, கதவு நிலையைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி, குனிந்து, பின்னால் ஒரு அடி வைத்து, மறுபடி முன்னே வந்து, இப்படி ஒருவர் உள்ளே வருவதற்குள் தலை இரண்டு வலயத்துக்கும் இடையில் பலதரம் ஆடும். வெளியே போகும்போது இன்னும் அதிகம், செருப்பைத் தேட வேண்டுமே. அதோடு மாரி காலத்தில் குடையை மடக்கி உதறுவதும் சேரும். இதற்கு நிரலில் மருந்து தேடுவதைவிட இடத்தை மாற்றுவதுதான் சுலபம். செருப்புத் தட்டை வாசற்படியில் இருந்து எடுத்து விறாந்தையின் மறு கோடியில் வைத்தோம், குடைக்கு அங்கேயே ஒரு வாளி. சென்சரையும் நிலைக்கு மேலே நேராக வைக்காமல் உள்பக்கம் ஒரு சாண் தள்ளிப் பூட்டினேன். வாசலிலேயே நின்று கதைக்கும் பிள்ளைகளுக்காக விறாந்தையில் ஒரு வாங்கு போட்டோம். அந்த வாங்கு போட்ட பிறகு வாசல் கணக்குத் திருந்திய அளவுக்கு, நான் நிரலில் செய்த எந்தத் திருத்தத்துக்கும் திருந்தவில்லை. கதவுத் திரையையும் கழற்றிவிடுங்கள், கச்சான் காற்றில் அது பறந்து சென்சருக்குக் கீழே வந்து போகும் ஒவ்வொரு தரமும் அதற்கு ஓர் ஆள்தான்.

இவ்வளவு செய்தும் பிழை வரும். எங்கே வரும் என்றால், மூடும் நேரத்தில். உள்ளே வருகிறவர்கள் ஒவ்வொருவராக, வேறு வேறு நேரத்தில் வருகிறார்கள், அதைச் சென்சர் நன்றாக எண்ணிவிடும். இரவு மூடும்போது எல்லோரும் ஒன்றாக எழும்பி, ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள், இரண்டு தலைக்கு நடுவே இடைவெளி இல்லாவிட்டால் இருவர் ஒருவர் ஆவார்கள். உதாரணத்துக்கு, நாற்பது பேர் வந்து முப்பத்தாறு பேர் போனதாக எண்ணினால் நாலு பேர் இரவு முழுக்க உள்ளே இருப்பார்கள். அடுத்த நாள் நாலில் இருந்து தொடங்கும். உள்வரவிலும் வெளிப்போக்கிலும் பிழை சமமாக வந்து ஒன்றையொன்று தின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், இது எப்போதும் ஒரே பக்கம் சாயும்.

நள்ளிரவில் பூச்சியமாக்கினால் போதாதா என்றால், போதாது. எங்களிடம் மத்தியானம் ரியூசன் பிள்ளைகள் ஒரு கூட்டமாக எழும்பிப் போவார்கள், அந்தப் பிழை பின்னேரக் கணக்கில் ஏறும், நமக்கு வேண்டியதே பின்னேரக் கணக்குத்தானே. பரீட்சைக் காலத்தில் நள்ளிரவு தாண்டியும் மண்டபம் திறந்திருக்கும், அப்போது பூச்சியமாக்கினால் உள்ளே இருப்பவர்களையே அழித்துவிடுவோம். இதற்குத்தான் ரேடார். அதற்கு எண்ணத் தெரியாது, ஆனால் யாராவது இருக்கிறார்களா இல்லையா என்று சொல்லும். மூச்சு விடும்போது நெஞ்சு அசைகிறதே, அந்த அசைவுகூட அதற்குப் போதும். பத்திரிகையை விரித்துக்கொண்டு கல்லாக இருக்கும் பெரியவரையும் கண்டுகொள்ளும்.

நான் வைத்த விதி இதுதான்: ரேடார் பதினைந்து நிமிடம் தொடர்ந்து யாரும் இல்லை என்று சொல்லி, அந்த நேரத்தில் வாசலிலும் அசைவு இல்லையென்றால் கணக்கைப் பூச்சியமாக்கு. வாசல் கணக்குப் பூச்சியம் என்கிறது, ரேடார் ஆள் இருக்கிறது என்கிறது என்றால் ஒன்று என்று வை. கணக்குப் பூச்சியத்துக்குக் கீழே போனாலும் அப்படித்தான். ஆனால் திருத்தும் ஒவ்வொரு தரமும் எவ்வளவு திருத்தினோம் என்பதை நேரத்தோடு பதிந்து வைக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பூச்சியமாக்கும் நேரத்தில் மிச்சமாக நின்ற எண்ணிக்கைதான் உங்கள் வாசல் அன்றைக்கு விட்ட பிழை. தனியாக யாரையும் உட்கார்த்தி எண்ண வைக்காமலே ஒவ்வொரு நாளும் சென்சர் எவ்வளவு நம்பத் தகுந்தது என்று அது சொல்லிவிடும். மிச்சம் திடீரென்று கூடினால் வாசலில் ஏதோ மாறியிருக்கிறது, போய்ப் பாருங்கள்.

ரேடாருக்கு எதிரி ஃபேன். ஆளில்லாத மண்டபத்தில் ஃபேனை நிறுத்தாமல் போய்விட்டால் அதன் இறக்கை சுழல்வதையே ஆள் என்று சொல்லிக்கொண்டிருக்கும். எல்டி2410 தூரத்தை முக்கால் மீற்றர் துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கும், ஒவ்வொரு துண்டுக்கும் அசைவுக்கு ஒன்று, அசையாமல் இருப்பதற்கு ஒன்று என்று தனித்தனி எல்லை வைக்கலாம். ஆட்களை எல்லாம் வெளியே அனுப்பி, எல்லா ஃபேனையும் முழு வேகத்தில் விட்டு, யன்னலைத் திறந்து, காற்று நன்றாக அடிக்கும் ஒரு பின்னேரத்தில் ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லையை அதற்குச் சற்று மேலே வையுங்கள். பிறகு ஒரே ஒருவரைக் கடைசிக் கதிரையில் புத்தகத்தோடு இருத்தி, அவரைக் காண்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒத்துவரும்வரை ரேடாரின் உயரத்தையும் சாய்வையும் மாற்ற வேண்டும். எங்களுக்குச் சுவரில் நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தது சரிவந்தது. அது எட்டும் தூரம் கூடினால் ஆறு மீற்றர், அசையாத ஆளுக்கு அதைவிடக் குறைவு, அதனால் நீளமான மண்டபத்துக்கு இரு முனையிலும் ஒவ்வொன்று வேண்டும். பலகைத் தடுப்புச் சுவரென்றால் அதற்கு அப்பால் இருப்பவரும் தெரிவார். எங்கள் தடுப்புக்குப் பின்னால் கணினி அறை, அங்கே இருப்பவரைக் காணாமல் இருக்க, ரேடார் பார்க்கும் கடைசித் துண்டைத் தடுப்புக்கு முன்னாலேயே நிறுத்தினேன்.

கரண்டைப்பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இருக்கிறோம், இப்போது அவ்வளவு இல்லாவிட்டாலும் மாரி காலத்தில் காற்றும் மழையும் வந்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் பிள்ளைகள் எழும்பிப் போவதில்லை, யன்னல் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டுப் படிப்பார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கரண்ட் வரும்போது சென்சர் பூச்சியத்தில் இருந்து தொடங்கினால் மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேரும் கணக்கில் இல்லை, அவர்கள் வெளியே போகும்போது கணக்கு மைனஸில் இறங்கும். கடைசி எண்ணிக்கையை மடிக்கணினியில் வைத்திருந்து, பலகை எழும்பியதும் அதை வாங்கிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். பலகையின் நினைவகத்திலேயே ஒவ்வொரு ஆளுக்கும் எழுதிக்கொண்டிருந்தால் அது தேய்ந்துபோகும். றவுட்டருக்கு மாட்டும் மினி யூபிஎஸ் ஒன்று போட்டால் இன்னும் நல்லது. மடிக்கணினிக்கு அதன் பற்றரியே போதும், அதற்காகத்தான் மடிக்கணினியைத் தெரிந்தெடுத்தேன். சார்ஜர் வயர் மலிவான மெல்லிய வயராக, அதுவும் நீளமாக இருந்தால் வைஃபை அனுப்பும் நேரத்தில் வோல்ட் இறங்கிப் பலகை தானாக மறுபடி எழும்பும், பார்ப்பதற்குச் சென்சர் பழுதானது போலத் தெரியும். முதலில் வயரை மாற்றிப் பாருங்கள்.

உப்புக் காற்றுக்கு ஒரே வழி, குத்தி இணைக்கும் வயர்களை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஈயம் வைத்து ஒட்டுவதுதான். குத்தும் ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறித் தொடர்பு விட்டுவிட்டு வரும். ஒட்டிய இடங்களுக்கு நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பூச்சு கொடுக்கலாம், லேசரின் கண்ணில் மட்டும் படாமல். அந்தக் கண்ணுக்கு முன்னால் பிளாஸ்ரிக் தகடு எதுவும் வைக்காதீர்கள், ஒளி தகட்டிலேயே பட்டுத் திரும்பி எப்போதும் ஆள் நிற்பதாகச் சொல்லும். ரேடாரை மெல்லிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் தாராளமாக வைக்கலாம், உலோகப் பெட்டி கூடாது.

திறந்த கண் என்றால் சிலந்தி வரும். ஒரே ஓர் இழை குறுக்கே கட்டினாலும் அது விரற்கடை தூரத்தில் ஆள் இருப்பதாகச் சொல்லும். ஒரு வலயம் ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்தே இருந்தால் எனக்குப் போனில் செய்தி வரும்படி வைத்திருக்கிறேன். பெட்டியின் இடுக்குகளை அடைத்துவிடுங்கள், குளவி மண் வைத்துக் கூடு கட்டும்.

எல்லாம் பூட்டிய பிறகு மனிதரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். வாசலில் நின்று எண்ணுவது களைப்பு, கவனம் சிதறும். அதனால் வாசிகசாலைக்குப் பொறுப்பாக இருக்கும் அக்கா மேசையில் இருந்தபடி ஒவ்வொரு கால் மணித்தியாலத்துக்கும் உள்ளே இருக்கும் தலைகளை எண்ணித் தாளில் எழுதினார். அவருடைய எண்ணும் சென்சரின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும்தான் நிருவாகசபைக்குக் கொண்டுபோனேன். அங்கே காட்டும்போது ஒற்றை எண்ணாகக் காட்டவில்லை, நாள் முழுவதற்குமான வளைகோடாக, அன்றைய மிச்சப் பிழையின் அளவுக்கு மேலும் கீழும் ஒரு பட்டையோடு காட்டினேன். எண்ணைக் கண்டால் மனிதர் அப்படியே நம்பிவிடுவார்கள், அதனால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் அந்தப் படத்திலேயே காட்ட வேண்டும்.

வளைகோட்டைப் பார்த்ததும் கூட்டத்தில் சத்தம் அடங்கிவிட்டது. காலையில் மண்டபம் பெரும்பாலும் காலி, மூத்தவர்கள் சொன்னது சரி. நாலரை மணியில் இருந்து ஏறி, ஆறு மணியை ஒட்டிக் கதிரைகளின் எண்ணிக்கையைத் தொட்டு, மூடும்வரை இறங்காமல் நிற்கிறது, பெற்றோர் சொன்னதும் சரி. ஞாயிறு காலையில் ரியூசன் வகுப்புகள் இருப்பதால் ஆளே இல்லை. மேல்மாடி இப்போதைக்கு வேண்டாம், பொருட்கள் போட்டு வைத்திருக்கும் பின்னறையை ஒதுக்கி, வாங்கும் லைற்றும் போட்டுப் பின்னேரம் மட்டும் திறப்போம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் ஒத்துக்கொண்டார்கள், அந்தக் காசில் ஒரு பகுதி புத்தகத்துக்குப் போகிறது. படிக்க வந்து இடமில்லாமல் திரும்பிப் போன பிள்ளைகளுக்கு இது மாடி கட்டி முடியும்வரை காத்திராமல் கிடைத்தது என்பது எனக்குப் பெரிய நிறைவு.

பின்னறைக்குப் போகும் வழி மண்டபத்துக்குள்ளே இருக்கிறது, அதனால் அந்த உட்கதவுக்கும் ஒரு லேசர் பூட்டினேன். இரண்டு வாசல் உள்ளவர்கள் கவனிக்க: உட்கதவைக் கடப்பவர் கட்டடத்தை விட்டுப் போகவில்லை, பின்னறையில் ஒன்று கூடும்போது மண்டபத்தில் ஒன்று குறைய வேண்டும், மொத்தம் மாறக்கூடாது. வெளிவாசல் இரண்டு இருந்தால் இரண்டின் கூட்டல் கழித்தலையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும், தனித்தனியே பார்த்தால் ஒரு வாசல் கூடிக்கொண்டே போகும், மற்றது மைனஸில் போய்க்கொண்டே இருக்கும், அது பிழையல்ல.

பராமரிப்புக்கு ஒரு தாள் எழுதி மடிக்கணினிப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறோம். எந்தப் பலகை எங்கே இருக்கிறது, கரண்ட் வந்தும் எழும்பாவிட்டால் எந்த வயரைக் கழற்றி மாட்ட வேண்டும், லேசரின் கண்ணைக் காய்ந்த மெல்லிய துணியால் மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும், ஒட்டறை அடிக்கும்போது தும்புத்தடி சென்சரில் படக்கூடாது, கொண்டி போட்ட கதவை விழா நாட்களில் திறந்தால் அன்றைய கணக்கை எடுக்கக் கூடாது, இவ்வளவும் அதில் இருக்கிறது. உயர்தரம் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு எல்லைகளை மாற்றவும் காட்டிக் கொடுத்திருக்கிறேன், பின்னறையின் ரேடாரை இந்த முறை அவர்கள்தான் ஃபேனை ஓடவிட்டுச் சரிசெய்தார்கள்.